எண் தொடர்களை இசையாக்கும்போது ஒலிப்பது எண்ணா, நாம் தேர்ந்த சுரங்களா?

சுழியம் கேட்டது:

பையின் (π) தசம இலக்கங்களைச் சுரங்களாக மாற்றி ஒலிக்கச் செய்யும் சிறு நிரல் ஒன்றை எழுதியிருக்கிறேன். 0 முதல் 9 வரை ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு மிடி எண்ணை (கணினியில் சுர உயரத்தைக் குறிக்கும் எண்) ஒதுக்கி, எல்லாவற்றுக்கும் ஒரே கால அளவைக் கொடுத்தேன். அடுத்தடுத்துள்ள பத்து அரைச்சுரங்களை (பியானோவில் அடுத்தடுத்த கட்டைகள்) எடுத்துக்கொண்டபோது, யாரோ போகிற போக்கில் கட்டைகளைத் தட்டுவது போல இருந்தது. மோகன ராகத்தின் ஐந்து சுரங்களை இரண்டு ஸ்தாயிகளில் பரப்பிப் பத்தாக்கியதும் கேட்க இனிமையாகிவிட்டது. ஆனால் பைக்குப் பதிலாகக் கணினி உருவாக்கும் தற்போக்கு எண்களைக் கொடுத்தாலும் அதே இனிமைதான் வருகிறது. அப்படியானால் இந்த இசையில் பையின் பங்கு என்ன? தம் அமைப்பு காதுக்கே புலப்படும்படி ஒலிக்கக்கூடிய தொடர்கள் உண்டா? உண்டென்றால் அவற்றுக்கு எப்படிச் சுரம் அமைப்பது?

ஏழிசை எழுதிய பதில்:

தாங்கள் செய்த சோதனையே பாதி விடையைத் தந்துவிட்டது. பையின் இலக்கங்கள் ஒவ்வொன்றும் கணக்கிட்டுப் பெறக்கூடியவைதாம். ஆனால் இதுவரை கணக்கிட்டவற்றில் பத்து இலக்கங்களும் ஏறக்குறைய சம அளவில், எந்த ஒழுங்கும் புலப்படாமல் வருகின்றன. எப்போதும் அப்படியே இருக்கும் என்பது இன்னும் நிரூபிக்கப்படவில்லை என்றாலும், காதைப் பொறுத்தவரை அது தற்போக்குத் தொடரே. மோகனத்தில் அரைச்சுர இடைவெளியே இல்லை. எதன் பின் எது வந்தாலும் உறுத்தாது. ஆகவே தாங்கள் கேட்ட இனிமை முழுவதும் மோகனத்துக்கு உரியது. இணையத்தில் உலவும் 'பையின் இசை' பலவும் இந்த வகையைச் சேர்ந்தவை என்பது என் கருத்து.

அமைப்பு ஒலிக்க வேண்டுமானால், முதலில் தொடரில் அமைப்பு இருக்க வேண்டும். அடுத்து, நாம் தேரும் சுரங்கள் அதைச் சிதைக்காமல் இருக்க வேண்டும். ஒவ்வோர் உறுப்பும் முந்தைய இரண்டின் கூட்டுத்தொகையாக வரும் ஃபிபொனாச்சித் தொடரை எடுத்துக்கொள்வோம். அதன் உறுப்புகள் விரைவில் காதுக்குக் கேட்கும் எல்லையைத் தாண்டிவிடும் என்பதால், ஒவ்வொன்றையும் 7 ஆல் வகுத்து மீதியை மட்டும் எடுத்தால் கிடைப்பது இது:

0 1 1 2 3 5 1 6 | 0 6 6 5 4 2 6 1

இதன் பிறகு மீண்டும் 0, 1 என்றே தொடங்கும். அதாவது பதினாறு உறுப்புகளுக்கு ஒருமுறை சுழற்சி. 0 ஐ ச என்றும் 6 ஐ நி என்றும் வைத்து வரிசையாக எழுதினால் முதற்பாதி 'ச ரி ரி க ம த ரி நி' என்றும், பிற்பாதி 'ச நி நி த ப க நி ரி' என்றும் வரும். ஒவ்வோர் எட்டும் ஓர் ஆதி தாள ஆவர்த்தனம், அதாவது எட்டு எண்ணிக்கை கொண்ட ஒரு தாளச் சுற்று. இரண்டு பாதிகளையும் ஒப்பிட்டால், முதற்பாதியில் ரி உள்ள இடத்தில் பிற்பாதியில் நியும், க உள்ள இடத்தில் தவும், ம உள்ள இடத்தில் பவும் நிற்பது தெரியும், மறுதலையாகவும் அப்படியே. ஒரே இடத்து எண்களைக் கூட்டினால் 7 அல்லது 0 வருவதுதான் காரணம். எனவே பிற்பாதியைக் கீழ் ஸ்தாயியில் வாசித்தால், முதற்பாதி ஆதார சட்சத்துக்கு மேலே எத்தனை படி ஏறியதோ அத்தனை படி கீழே இறங்கும் பிம்பமாக அது அமையும். மேல் ஸ்தாயியிலேயே வைத்தால் இந்தச் சமச்சீர் காதுக்குக் கிட்டாது.

இன்னும் ஒரு நுணுக்கம் உண்டு. சங்கராபரண ராகத்தில் இந்தப் பிம்பம் படிக்கணக்கில் மட்டுமே சரியாக இருக்கும். அரைச்சுரக் கணக்கில் பிசகும். ரிஷபம் சட்சத்துக்கு இரண்டு அரைச்சுரம் மேலே இருக்க, நிஷாதம் ஒரே அரைச்சுரம் கீழே இருப்பதே அதற்குக் காரணம். கரகரப்பிரியா, மாயாமாளவகௌளை ஆகிய ராகங்களில் மேலும் கீழும் இடைவெளிகள் துல்லியமாக ஒத்துப்போகின்றன. முதலில் கரகரப்பிரியாவில் வாசித்துப் பாருங்கள்.

நிரலோடை எழுதிய பதில்:

சுர உயரத்தை மட்டும் ஏன் எண்ணுக்குக் கொடுக்க வேண்டும்? எண் ஒழுங்கைக் காது கால அளவில்தான் எளிதாகப் பிடிக்கிறது. எட்டு அட்சரங்களில் மூன்று தட்டுகளை இயன்றவரை சம இடைவெளியில் பரப்பினால் 3, 3, 2 என்ற தாளம் பிறக்கிறது. உலகின் பல இசை மரபுகளில் இது உண்டு. இத்தகைய தாளங்களை யூக்ளிடின் மீப்பெரு பொதுக் காரணி முறையோடு கணினி அறிவியலாளர் கொட்ஃபிரைட் டூசான் 2005 இல் இணைத்துக் காட்டினார். ஃபிபொனாச்சி எண்களும் இந்தியாவில் யாப்புக் கணக்கின் வழியாகவே கண்டறியப்பட்டன என்பதை இங்கே சொல்லலாம்: ஒரு மாத்திரையும் இரு மாத்திரையும் கொண்டு எட்டு மாத்திரைகளை நிரப்ப 34 வழிகள் உண்டு.

சுழியம் எழுதியது:

இருவருக்கும் நன்றி. கரகரப்பிரியாவில் பிற்பாதியைக் கீழ் ஸ்தாயியில் வாசித்தபோது பிம்பம் தெளிவாகவே கேட்டது. 'ரி ரி' என்று இரட்டித்த இடத்தில் 'நி நி' வருவதுதான் முதலில் காதில் படுகிறது. ஆனால் பதினாறு சுரங்களுக்கு ஒருமுறை அதுவே திரும்புவதால் விரைவில் சலிப்புத் தட்டுகிறது. திரும்பத் திரும்ப வராமலும், பையைப் போல அலையாமலும் இருக்கும் தொடர் ஏதேனும் உண்டா?

பகாஎண் எழுதிய பதில்:

உண்டு. டென்மார்க் இசையமைப்பாளர் பெர் நோர்கோர் 1959 இல் கண்டறிந்து, பின்னர் தம் இரண்டாம் சிம்பொனி முழுவதற்கும் அடித்தளமாக்கிய முடிவிலித் தொடரைப் பாருங்கள். விதி எளியது: தொடக்க எண் 0, n ஆம் இடத்து எண் தெரிந்தால், 2n ஆம் இடத்தில் அதன் எதிர்க்குறி எண்ணும், 2n+1 ஆம் இடத்தில் அதோடு 1 கூட்டிய எண்ணும் வரும்.

0, 1, −1, 2, 1, 0, −2, 3, −1, 2, 0, 1, 2, −1, −3, 4 …

இவற்றை ஆதாரச் சுரத்திலிருந்து எண்ணும் அரைச்சுரங்களாகக் கொள்ளுங்கள். முதல் 1,024 உறுப்புகள் −9 முதல் 10 வரையிலேயே அடங்கிவிடுவதால் மீதி எடுக்கும் வேலையே இல்லை. இதில் ஒன்று விட்டு ஒன்றாக எடுத்தால் தலைகீழான மெட்டும், நான்கில் ஒன்றாக எடுத்தால் மூல மெட்டே நான்கு மடங்கு மெதுவாகவும் கிடைக்கும். இரண்டாவது கருவியொன்று இப்படி நான்கில் ஒன்றாக வரும் சுரங்களை மட்டும் பிடித்து நீட்டி ஒலித்தால், விரைவாகச் செல்லும் மெட்டு தன் மெதுவான வடிவத்தோடு ஒவ்வொரு நான்காம் தட்டிலும் ஒரே சுரத்தில் சேரும்.

காதுக்குக் கேட்காத அமைப்பு வீண் என்பது போல மேலே ஏழிசை அவர்கள் எழுதியிருப்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. 1941 இல் போர்க்கைதி முகாமில் அரங்கேறிய பிரெஞ்சு இசையமைப்பாளர் மெசியானின் நால்வர் இசைப்படைப்பின் முதற்பகுதியில், பியானோ 17 கால அளவுகளின் சுழற்சியையும் 29 இசைவுக்கொத்துகளின் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக் கூட்டங்களின்) சுழற்சியையும் ஒருசேர வாசிக்கிறது. இரண்டும் பகா எண்கள் என்பதால், 493 கொத்துகள் ஒலித்து முடிந்த பிறகே இரு சுழற்சிகளும் மீண்டும் ஒன்றாகத் தொடங்க முடியும். அதற்கு முன்பே அப்பகுதி முடிந்துவிடுகிறது. கேட்பவர் எவரும் 17 ஐயும் 29 ஐயும் எண்ணுவதில்லை. ஆனாலும், எங்கும் நிலைகொள்ளாத அந்த மிதப்பு இந்த இரண்டு எண்களிலிருந்துதான் வருகிறது. தங்கள் நிரலில் இதைச் செய்துபார்ப்பது எளிது: ஃபிபொனாச்சியின் பதினாறு சுரங்களை அப்படியே வைத்துக்கொண்டு, கால அளவுகளுக்கு மட்டும் ஏழு உறுப்புகள் கொண்ட வேறொரு பட்டியலைச் சுழலவிட்டால், அதே சுரமும் அதே கால அளவும் தொடக்கத்தில் சந்தித்தது போல மீண்டும் சந்திக்க 112 சுரங்கள் ஆகும்.