ஹென்ட்ரிக்ஸின் 'ஆக்ஸிஸ்' மறுவெளியீடு: மோனோ வாங்குவதா, ஸ்டீரியோ வாங்குவதா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் 'ஆக்ஸிஸ்: போல்ட் அஸ் லவ்' ஆல்பத்தை, மறுவெளியீடு செய்யும் அனலாக் புரொடக்ஷன்ஸ்காரர்கள் யூ.எச்.க்யூ.ஆர். என்ற தங்கள் உயர்தர வரிசையில் 200 கிராம் வினைல் இசைத்தட்டாகப் பெட்டியோடு போட்டார்கள் அல்லவா, அதில் மோனோவும் (எல்லா ஒலியும் ஒன்றாக) ஸ்டீரியோவும் (இடம், வலம் எனப் பிரித்து) தனித்தனியாக வந்திருக்கின்றன. அத்தை மகன் அமெரிக்காவில் இருந்து டிசம்பரில் பாலக்காடு வருகிறான், அவனிடம் ஒன்றை மட்டும் சொல்லலாம் என்று இருக்கிறேன், இரண்டும் வாங்குகிற விலை இல்லை. என்னிடம் இருப்பது டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 டர்ன்டேபிள், அதில் ஊசியைத் தாங்கும் ஆடியோ டெக்னிகா வி.எம். 95 இ கார்ட்ரிட்ஜ். 1967 ஆல்பம் என்றால் மோனோதான் கேட்க வேண்டும் என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள், சரியா? இன்னொன்று, எங்கள் பக்கம் ஜூன் பிறந்தால் துணி முதல் புத்தகம் வரை பூஞ்சை பிடிக்கும். இவ்வளவு பணம் கொடுத்த தட்டை எப்படிக் காப்பாற்றுவது?

குப்பம் ரசிகன்:
தம்பி, இந்த ஆல்பத்துக்கு ஸ்டீரியோதான். அறுபதுகளின் ராக் எல்லாவற்றுக்கும் இதைச் சொல்ல மாட்டேன். முதல் பாட்டு 'இ.எக்ஸ்.பி.'யில் கிட்டார் ஒரு ஸ்பீக்கரில் இருந்து இன்னொன்றுக்கு ஓடி அறையைச் சுற்றி வருகிறது, மோனோவில் அது வெறும் இரைச்சலாக நின்றுவிடும். அப்புறம் கடைசிப் பாட்டு. டிரம்ஸ் தனியாக வந்ததும் மொத்த ஒலியும் சுழன்று மேலே போகிறதே, அது ஃபேசிங். ஒரே ஒலியை இரண்டு டேப் மெஷினில் ஓடவிட்டு ஒன்றின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்தால் இரண்டுக்கும் நடுவில் நூலளவு தாமதம் வரும், அந்தத் தாமதம் மாற மாற சில அலைவரிசைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், காதுக்கு அது சுழல்வதாகத் தெரியும். லண்டன் ஒலிம்பிக் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவாளர்கள் எடி கிராமரும் ஜார்ஜ் கியான்ட்ஸும் அதை ஸ்டீரியோவில் விரித்துக் காட்டியதுதான் இந்த ஆல்பத்தின் பெரிய சாதனை. அதை விட்டுவிட்டு மோனோ வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் ஒன்று தெரிந்துகொள். முதல் பக்கத்தின் மாஸ்டர் டேப்பை, அதாவது மிக்ஸ் செய்து முடித்த மூல டேப்பை, ஹென்ட்ரிக்ஸ் டாக்ஸியில் விட்டுவிட்டு வந்துவிட்டார், அது கிடைக்கவே இல்லை. தயாரிப்பாளர் சாஸ் சாண்ட்லரும் கிராமரும் ஹென்ட்ரிக்ஸுமாக உட்கார்ந்து ஒரே இரவில் அந்தப் பக்கத்தை மறுபடி மிக்ஸ் செய்தார்கள். 'இஃப் சிக்ஸ் வாஸ் நைன்' மட்டும் முதலில் வந்ததுபோல் அமையவில்லை, குழுவின் பேஸ் கிட்டார்காரர் நோயல் ரெடிங் வீட்டில் இருந்த பிரதியை வாங்கி, சுருங்கிக் கிடந்த டேப்பை இஸ்திரி போட்டு நிமிர்த்தினார்கள் என்று சொல்லப்படுகிறது. இந்த மறுவெளியீட்டுத் தட்டின் பள்ளங்களை மாஸ்டரிங் எஞ்சினியர் பெர்னி கிரண்ட்மேன் அசல் அனலாக் டேப்பில் இருந்துதான் வெட்டினார், அதனால் டேப்பில் இருக்கிற நல்லதும் கெட்டதும் அப்படியே வரும். எத்தனை கிராம் கனத்தில் தட்டு போட்டாலும் அந்த அவசர இரவைத் துடைக்க முடியாது, துடைக்கவும் கூடாது.

கோவிந்தாபுரம் செக்போஸ்ட்:
ஸ்டீரியோ சரி. ஆனால் அதற்கு முன்னால் ஊசியை மாற்றுங்கள் நண்பரே. குப்பத்து அண்ணன் சொன்ன அந்தச் சுழல் ஒலி இரண்டாம் பக்கத்தின் கடைசியில், லேபிளை ஒட்டிய பள்ளத்தில் இருக்கிறது. தட்டு ஒரே வேகத்தில் சுற்றினாலும் வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் விநாடிக்கு சுமார் 50 செ.மீ. நீளப் பள்ளம் ஓடும், உள்ளே போனால் 21 செ.மீ. தான், அதற்குள் அதே அளவு ஒலியை நெருக்கி வைத்திருக்கிறார்கள். உங்கள் 95 இ-யின் நீள்வட்ட ஊசி அங்கே திணறும், டிரம்ஸின் சிம்பல் தட்டு ஒலி எல்லாம் 'ஸ் ஸ்' என்று கரகரக்கும். அதே கார்ட்ரிட்ஜ் உடம்பில் இன்னும் நுண்ணிய முனை கொண்ட 95 எம்.எல். ஊசி அப்படியே பொருந்தும், கழற்றி மாட்டினால் போதும். இதைச் செய்யாமல் யூ.எச்.க்யூ.ஆர். வாங்கினால் கொடுத்த காசில் பாதிதான் காதுக்கு வரும்.

பூஞ்சை பற்றி: அது வினைலைத் தின்பதில்லை, தட்டின் மேல் இருக்கும் தூசி, கைரேகை எண்ணெய், காகித உறையின் பசை இவற்றைத்தான் தின்கிறது. அதனால் உள்ளே இருக்கும் காகித உறையை எடுத்துவிட்டு பாலிதீன் உள்ளுறை போடுங்கள், தட்டை விளிம்பில் மட்டும் பிடியுங்கள், வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள், நேராக நிறுத்தி வையுங்கள். டிஸ்டில்டு வாட்டரில் கொஞ்சம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கலந்து துடைக்கலாம். தாத்தா காலத்து 78 வேகத் தட்டு வீட்டில் இருந்தால் அதன் பக்கமே இந்தக் கலவையைக் கொண்டுபோகாதீர்கள், அந்தத் தட்டு அரக்கு, ஆல்கஹால் பட்டால் கரைந்துவிடும்.

ஊத்துக்கோட்டை:
மோனோவை அப்படி ஒதுக்காதீர்கள். மிட்ச் மிட்செலின் டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் நடுவில் சேர்ந்து வந்து நெஞ்சில் இடிப்பது அதில்தான். உங்கள் ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜே போதும், ஆம்ப்ளிஃபயரில் மோனோ பட்டன் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், ஊசி மேலும் கீழும் அசைவதால் வரும் கீறல் இரைச்சல் நிறையக் குறையும்.

அட்டைப் படமும் பெரிதாக வரும் என்பதால் சொல்கிறேன், விஸ்வரூபப் படம் ஒன்றை எடுத்து ஹென்ட்ரிக்ஸ், ரெடிங், மிட்செல் மூன்று பேர் முகத்தையும் அதில் பொருத்தியது ரெக்கார்டு கம்பெனி. ஹென்ட்ரிக்ஸுக்கே அது பிடிக்கவில்லை, செவ்விந்தியர் தொடர்பாக ஏதாவது போட்டிருக்கலாம் என்றுதான் நினைத்தார். பூஜை அறை இருக்கும் வீட்டில் பெரியவர்கள் பார்த்தால் இதைச் சொல்லிப் புரியவையுங்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. ஸ்டீரியோவும் 95 எம்.எல். ஊசியும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். அத்தை மகன் அங்கே பழைய டர்ன்டேபிள் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, அதையும் கொண்டுவரட்டுமா என்று கேட்கிறான்.

கோவிந்தாபுரம் செக்போஸ்ட்:
மோட்டார் ஏ.சி. வகையா என்று முதலில் கேளுங்கள். அந்த வகை மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பொறுத்தது, அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் மாற்றும், வேகத்தை மாற்றாது, பாட்டு ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். உங்கள் டெக்னிக்ஸ் மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் ஹெர்ட்ஸை நம்பி இல்லாததால் அந்தத் தொல்லை இல்லை, அதிலேயே கேளுங்கள்.