வேர்முடியில் டை சீராகப் பிடிக்க: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களின் அனுபவங்கள்

தருமபுரியிலிருந்து, இந்த உரையாடலைத் தொடங்குபவர்

எனக்கு 48 வயது ஆகிறது; பள்ளி ஆசிரியை. 11 ஆண்டுகளாக வீட்டிலேயே தலைக்கு டை அடித்து வந்தாலும், அதைச் சரியாக அடிக்கத் தெரிந்துகொண்டு 2 ஆண்டுகள்தான் ஆகின்றன. அந்த 9 ஆண்டுத் தவறு இன்னொருவருக்கு நேரக்கூடாது என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

பாலக்கோட்டில் என் அக்கா மகளின் திருமணத்துக்கு முதல் நாள் இரவு அவசரமாக டை அடித்துக்கொண்டேன். வழக்கம்போல் எண்ணெய் தேய்ப்பதைப் போலத் தலை முழுவதும் பூசி, நுனிவரை இழுத்துவிட்டு, அரை மணி நேரம் கழித்து அலசினேன். விடியற்காலையில் மண்டபத்து விளக்கொளியில் கண்ணாடியைப் பார்த்தபோது நெற்றியோரம் ஒரு விரல் அகலத்துக்குச் செம்பழுப்பாகவும், நடுமுடி கறுப்பாகவும், நுனி கரியைத் தடவியது போலவும் இருந்தது. காதோரத்து நரை அப்படியே நின்றது. அக்காதான் பின்னலை அவிழ்த்து, காதை மூடும்படி தளர்வாகப் பின்னி, பூவை முன்னால் தழைய விட்டு அன்றைய பொழுதைக் காப்பாற்றினார்.

ஏன் இப்படி ஆனது என்பதை, எங்கள் தெருவில் அழகுநிலையம் வைத்திருக்கும் ஒரு பெண்மணிதான் என்னை உட்காரவைத்து விளக்கினார். முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளர்கிறது. ஆகவே 6 வாரத்துக்கு ஒருமுறை அடிப்பவருக்குப் புதிதாக நிறம் தேவைப்படுவது அடியில் உள்ள ஒன்றரை சென்டிமீட்டருக்கு மட்டுமே. அதற்கு மேலுள்ள முடி ஏற்கெனவே டை ஏறியது, முன்பு போட்ட ரசாயனத்தால் மேற்செதில் தளர்ந்தது. எனவே அது ஒவ்வொரு முறையும் மேலும் மேலும் நிறத்தைக் குடித்துக் கறுத்துக்கொண்டே போகிறது. வேரோரத்தில் நடப்பது வேறு. டையுடன் கலக்கும் டெவலப்பரில் உள்ள ஹைட்ரஜன் பெராக்சைடு, நரைக்காத முடியின் இயற்கைக் கறுப்பைச் சற்றே வெளுக்கச் செய்து உள்ளிருக்கும் செம்மையை வெளிக்கொண்டுவருகிறது. தலைத்தோலின் சூட்டால் அந்த வேலை அடியில் விரைவாக நடக்கிறது. பூசிய டை மெல்லியதாக இருந்தால் வெளுப்பு மட்டும் நடந்து, நிறம் போதுமான அளவு ஏறாமல் நின்றுவிடுகிறது. என் நெற்றியோரச் செம்பழுப்புக்குக் காரணம் அதுதான்.

இப்போது நான் செய்யும் முறையில் முக்கியமானது வகிடு. முதல் நாள் தலைக்குக் குளித்துவிட்டு எண்ணெய் வைக்காமல் விடுகிறேன்; அடிக்கும் நாளில் உலர்ந்த முடியைச் சிக்கெடுத்து, உச்சி முதல் பிடரி வரை ஒரு வகிடும், காதுக்குக் காது ஒரு வகிடும் எடுத்து நான்கு பாகமாகப் பிரித்துக் கிளிப் போடுகிறேன். பிறகு கைப்பிடி ஊசிபோல் நீண்டிருக்கும் சீப்பால் ஒவ்வொரு பாகத்திலும் கால் அங்குலத்துக்கு ஒரு வகிடாக எடுத்துக்கொண்டே போகிறேன். அந்த மெல்லிய அடுக்கைத் தூக்கிப் பிடித்தால், மேலிருந்து பார்க்கும்போது தெரியாத நரை அடிப்பக்கத்தில் வெள்ளி நூல் கோத்தது போல வரிசையாக நிற்பது தெரியும். அடுக்கின் இரு பக்கத்திலும் பிரஷ்ஷால் டையைத் தடவ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தடவினால் மறுபக்கத்து நரை அப்படியே இருக்கும். தடவும்போது தேய்க்காமல், வேரின் மேல் ஒரு படலமாகத் தங்கும்படி வைப்பதுதான் சரி. நரை மிகுந்தும், நிறம் எளிதில் ஏறாமலும் இருக்கும் காதோரத்தையும் நெற்றியோரத்தையும் முதலில் முடித்துவிட்டால், அந்த இடங்களுக்கு மற்ற இடங்களைவிடச் சற்றுக் கூடுதல் நேரம் தானாகவே கிடைத்துவிடுகிறது.

டை ஏறிய பழைய முடியின் மேல் பிரஷ் படாமல் எல்லையிலேயே நிறுத்துவதற்குக் கை பழக மூன்று நான்கு முறை ஆனது. நுனி மிகவும் வெளிறியிருந்தால் மட்டும் கடைசி 5 நிமிடத்தில் ஈரக் கையால் டையை நுனிவரை இழுத்துவிடுகிறேன். பாத்திரம் பிளாஸ்டிக்கோ கண்ணாடியோ பீங்கானோதான். எவர்சில்வர் கிண்ணத்தை எடுப்பதில்லை. நெற்றியிலும் காதிலும் கறை பிடிக்காமலிருக்க வாசலின் தடவிக்கொள்கிறேன். அது முடியின் மேல் ஏறிவிட்டால் அந்த இடத்தில் டை பிடிக்காது என்பதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓசூரிலிருந்து ஓர் அன்பர்

அம்மா, தாங்கள் எழுதியதைப் படித்ததும் எங்கள் வீட்டில் நடந்ததைப் பகிர வேண்டும் என்று தோன்றியது. என் மனைவியின் கைக்குப் பின்தலை எட்டாததால் அவருக்கு டை அடித்துவிடுவது நான்தான். கடந்த மார்கழியில் வேலைக்குக் கிளம்புமுன் விடியற்காலையில் பின்வாசல் திண்ணையில் உட்காரவைத்து அடித்தேன். எங்கள் ஊரின் மார்கழிக் குளிர் உங்களுக்குத் தெரிந்ததுதான். பாக்கெட்டில் குறிப்பிட்டிருந்த 30 நிமிடத்தைக் கடிகாரம் பார்த்துக் காத்திருந்து அலசினோம். முன்தலை நன்றாக இருந்தது, பிடரியில் பாதி நரை அலசிய தண்ணீரோடு மீண்டும் வெளுத்து வெளிவந்தது.

யோசித்துப் பார்த்தபோது இரண்டு காரணங்கள் புலப்பட்டன. குளிரில் டை மெதுவாகத்தான் வேலை செய்கிறது. இதற்காக இப்போது மதிய வேளையில், சன்னலைச் சாத்திய அறைக்குள் அடிக்கிறோம், பூசி முடித்ததும் பாலிதீன் தொப்பி போட்டுவிடுகிறோம். இரண்டாவது காரணம்தான் பெரியது. நான் பூசி முடிக்கவே 25 நிமிடம் ஆகியிருந்தது. பாக்கெட்டில் சொல்லும் நேரம் பூசி முடித்த பிறகு தொடங்குவது என்பதை அறியாமல், முதல் தடவலிலிருந்தே கணக்கிட்டிருக்கிறேன். ஆகவே பிடரிக்குக் கிடைத்தது வெறும் 5 நிமிடம். மேலும் டையும் டெவலப்பரும் கலந்த அந்த நொடியிலிருந்தே நிறம் உருவாகத் தொடங்கிவிடுகிறது. கிண்ணத்தில் வெளிர்நிறக் களிம்பாக இருந்தது நான் பிடரிக்கு வரும்போது மேற்புறம் கருத்துத் திரைந்து கிடந்ததை அன்று நான் பொருட்படுத்தவில்லை. இப்போது பாதியை மட்டும் கலந்து முன்தலையை முடித்துவிட்டு, மீதியைப் பின்தலைக்கு வரும்போது புதிதாகக் கலக்கிறேன். இவ்வளவு மெதுவாகப் பூசுபவர்களுக்கு இது ஒன்றே போதும் என்பது என் கருத்து. கலந்ததில் மீதமானதை மூடி போட்டு எடுத்துவைக்க வேண்டாம்; வாயு உண்டாகிப் பாட்டில் வெடிக்கக்கூடும்.

அரூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து

தண்ணீரைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை. எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீர் கடுமையான உப்பு. குடத்தின் உட்புறம் வெள்ளையாகப் படிந்துவிடும், ஷாம்பூ போட்டாலும் நுரை நிற்காது. நம் மாவட்டத்து நிலத்தடி நீர் என்றாலே ஃபுளோரைடு என்ற எண்ணம்தான் எல்லோருக்கும் வருகிறது. அது பல்லையும் எலும்பையும் பாதிப்பது. முடியில் படலமாகப் படிந்து சொரசொரப்பாக்குவது கால்சியமும் மெக்னீசியமும். அந்தப் படலத்தின் மேல் அடித்த டை, எனக்கு ஓரிடத்தில் பிடித்தும் ஓரிடத்தில் பிடிக்காமலும் திட்டுத்திட்டாக நின்றது.

2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் பயன்பாட்டுக்கு வந்த பிறகு எங்களுக்குக் காவிரித் தண்ணீர் கிடைக்கிறது. அதில் இரண்டு வாளி பிடித்து வைத்துக்கொண்டு, டை அடிப்பதற்கு முதல் நாள் தலையை அலசவும், அடித்த பிறகு கடைசியாக அலசவும் மட்டும் பயன்படுத்துகிறேன். குடிக்கிற தண்ணீரைத் தலைக்கு ஊற்றுகிறாயே என்று மாமியார் முதலில் வருத்தப்பட்டார்கள். மாதத்துக்கு இரண்டு வாளிதான் என்று விளக்கிய பின் அவர்களே பிடித்து வைக்கிறார்கள். திட்டுகள் வெகுவாகக் குறைந்துவிட்டன.

காவேரிப்பட்டணத்திலிருந்து

எனக்கு ரசாயன டை ஒத்துக்கொள்வதில்லை. 6 ஆண்டுகளாக மருதாணியும், நீலச் சாயம் தரும் அவுரியும்தான். இதிலும் வேர் சீராக வருவதற்குத் தனிப் பக்குவம் உண்டு.

மருதாணியில் உள்ள லாசோன் என்னும் நிறமி முடியின் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் நரை ஆரஞ்சாக மாறும், கறுப்பாகாது. கறுப்பு வேண்டுமென்றால் மருதாணியை அலசிய பிறகு அவுரிப் பொடியைப் பூச வேண்டும். மருதாணியை நன்றாக ஊறவைத்துக் கெட்டியாக, அப்பினால் வழியாத பதத்தில் வேருக்கு மட்டும் வைத்து இரண்டரை மணி நேரம் விடுகிறேன். ஓரங்கள் காய்ந்துவிட்டால் அங்கே நிறம் ஏறாது. அதனால்தான் பலருக்கு நெற்றியோரம் மட்டும் வெளிறிப் போகிறது. தலையைப் பாலிதீன் உறையால் மூடிவிட்டால் காயாது. அவுரியை மட்டும் முன்கூட்டியே கலக்கக் கூடாது. வெதுவெதுப்பான நீரில் ஒரு சிட்டிகை உப்போடு கலந்து, கால் மணி நேரத்தில் மேற்பரப்பில் நீலம் பூத்ததும் பூசத் தொடங்க வேண்டும். வைத்திருந்தால் வீரியம் போய்விடும். ஒரு மணி நேரம் கழித்து அலசியதும் பச்சை கலந்த நீலமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். காற்றுப்பட்டு ஓரிரு நாளில் கறுத்துவிடும். அதுவரை ஷாம்பூ போடாதீர்கள்.

பத்தே நிமிடத்தில் கறுப்பாகும் என்று விற்கும் மூலிகைப் பொடிகளில் வேறு எதையோ கலந்திருக்கிறார்கள் என்றே பொருள். சிலவற்றில் உலோக உப்புகள் இருக்கும். அப்படிப்பட்ட பொடி போட்ட முடியின் மேல் பெராக்சைடு கலந்த டை பட்டால் முடி சூடேறி உடைந்துபோகவும் கூடும். மாறிக் கொள்ள நினைப்பவர்கள் சீப்பில் உதிர்ந்த முடியை எடுத்து முதலில் சோதித்துப் பாருங்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து

மேலே சொன்னதை நான் பட்டறிந்தவன். கறுப்பு மருதாணி என்று எழுதிய பாக்கெட்டை வாங்கி அடித்த மறுநாள் காலையில் கண் திறக்க முடியாத அளவுக்கு முகம் வீங்கிவிட்டது. அதில் பாராபினைலீன்டையமின் என்னும் ரசாயனம் இருந்தது பின்னால் சிறிய எழுத்தில் அச்சாகியிருந்தது; நிரந்தர டைகள் பெரும்பாலானவற்றில் இருப்பது அதுவே. நான்கு முறை ஒத்துக்கொண்டது ஐந்தாம் முறை ஒவ்வாமல் போகலாம் என்று மருத்துவர் சொன்னார். ஒவ்வொரு முறையும் 48 மணி நேரத்துக்கு முன் காதுக்குப் பின்னால் சிறிது தடவிப் பாருங்கள். அரித்தால் அந்தப் பாக்கெட்டைத் தொடாதீர்கள். புருவத்துக்கும் மீசையோரத்துக்கும் மீதமான டையைத் தடவும் பழக்கம் நம் ஆண்களிடம் உண்டு. கண்ணுக்கு அருகில் அது வேண்டவே வேண்டாம்.

ஊத்தங்கரையிலிருந்து

அக்கா, எனக்கு நடுவில் பட்டையாகவும் நுனியில் கரியாகவும் ஏற்கெனவே கறுத்துவிட்டது. இதற்கு மேல் பிரவுன் நிற டை அடித்தால் சமமாகிவிடுமா?

தருமபுரியிலிருந்து, மீண்டும்

ஆகாது, தங்கையே. டையின் மேல் டை அடித்தால் இன்னும் கறுக்குமே தவிர வெளுக்காது. வெளுக்கவைக்கத் தனி மருந்து உண்டு. அதை வீட்டில் செய்யப் போய் முடி நாராகிப் போனதை என் தோழி ஒருவரிடம் பார்த்திருக்கிறேன், ஆகவே நான் தொடவில்லை. செய்தது இவ்வளவுதான்: கறுத்த பகுதியில் டை படாமல் பார்த்துக்கொண்டேன், வேருக்கு அடர்கறுப்பை விட்டு அடர்பிரவுனுக்கு மாறினேன், அதனால் புதிதாக வளரும் நரைக்கும் டை போட்ட முடிக்கும் இடையிலான கோடு உறுத்தாமல் இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை நுனியில் இரண்டு விரற்கடை வெட்டிவிடுகிறேன். என் முடி தோளுக்குச் சற்றுக் கீழே வரும். இரண்டு ஆண்டுகள் கடந்த நிலையில் அந்தக் கரிநிறத்தில் கடைசி மூன்று விரற்கடை மட்டும் மீதமிருக்கிறது. ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போவதற்குள் அதையும் வெட்டிவிடலாம் என்று இருக்கிறேன்.