பூங்காக் கல்கோபுரம்: சிமெண்டுப் பூச்சுக்குப் பணம் கொடுக்காதீர்கள்

எல்லோருக்கும் வணக்கம். நம் ஊர்ப் பூங்காக் கல்கோபுரத்தின் சுவர் முழுக்கச் சிமெண்டு பூசக் கொத்தனார் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். அதற்குத்தான் சங்கம் நம்மிடம் வசூல் செய்யப்போகிறது.

சித்தி அனுப்பிய படங்களில் கிழக்குச் சுவர் இடுப்பு உயரத்தில் வெளியே தள்ளியிருக்கிறது. அதற்குக் கீழே சுண்ணாம்பு வெள்ளையாக வழிந்திருக்கிறது. கொத்தனார் சொல்வதுபோல் கல் தேய்ந்து வந்த கோளாறு இல்லை இது. வெளியே தெரிவதுதான் கருங்கல். உள்ளே இருப்பது செங்கல் சில்லும் சுண்ணாம்புக் காரையும். மேல்தளத்தில் தண்ணீர் வடியும் தூம்பு அடைத்துக்கொண்டதால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கிக் காரையைக் கரைக்கிறது. அந்தத் தண்ணீர் வெளியேறக் கல் இடுக்குகளை விட்டால் வேறு வழி கிடையாது. அந்த இடுக்குகளை முன்பு சிமெண்டால் அடைத்ததுதான் வினை. இப்போது சுவர் முழுக்கப் பூசினால் வயிறு இன்னும் தள்ளும்.

மாமா, வசூலுக்கு முன் கொட்டேஷனை மாற்றி வாங்குங்கள். முதல் வேலை மேலேதான்: தூம்பைத் திறந்து, தண்ணீர் ஓடும் சரிவு பார்த்துத் தட்டை ஓடுகள் பதிக்க வேண்டும். சுவரில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கவே கூடாது, வேரோடு கல்லும் வந்துவிடும். தண்டை அறுத்து, வெட்டுவாயில் களைக்கொல்லி தடவி, வேர் செத்த பிறகு எடுக்கலாம். பழைய சிமெண்டைக் கை உளியால் கொத்தட்டும். மெஷின் வைத்தால் கல் விளிம்பு சிதறும். இடுக்குகளை ஓர் அங்குல ஆழம் சுரண்டி, தண்ணீர் தெளித்து, சுண்ணச்சாந்து திணிக்க வேண்டும். ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர். ஒரு வாரமாவது ஈரச்சாக்கு போர்த்தி வைக்க வேண்டும். தை பிறந்து ஆரம்பியுங்கள். ஐப்பசி மழையில் பச்சைச் சாந்து கழுவிப் போகும்.

சுவர் விரிசலுக்குக் குறுக்கே கண்ணாடிச் சில்லு ஒட்டித் தேதி எழுதச் சொல்லுங்கள். உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. அதற்குக் கொத்தனார் போதாது, பொறியாளர் வேண்டும்.

சுண்ணாம்பு தாங்காது என்று எழுதிய வடக்குத்தெரு அண்ணனுக்கு: 1636இல் கட்டி முடித்த திருமலை நாயக்கர் மகாலின் வளைவுகள் செங்கலும் சுண்ணச்சாந்தும்தான். நன்கொடையாளர் பலகையையும் சுவரில் துளைபோட்டு மாட்ட வேண்டாம். இரும்பு போல்ட் துருவேறி உப்பினால் கல் பிளக்கும். தனியாக ஒரு கல் நடுங்கள், பெயர் எத்தனை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம்.

பூங்கா பேரூராட்சிக்குச் சொந்தம். வேலைக்கு அனுமதி தரும் பேரூராட்சித் தீர்மானத்தின் நகல் கைக்கு வராமல் ஒரு ரூபாய் போகக் கூடாது. வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்தவர்கள் கொடுப்பது 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி (FCRA) வெளிநாட்டு நன்கொடை; பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் சங்கம் அதை வாங்க முடியாது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் தங்கள் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பலாம். பெரியப்பா, ஊருணி வேலைக் கணக்கையும் இதோடு சேர்த்து அனுப்புங்கள். அது வராமல் எங்கள் தெருவில் யாரும் கொடுக்க மாட்டார்கள்.