அம்மாவுக்குச் சுகர் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது, ஆனால் கோலம் இழுக்க வரவில்லை

ஸ்ரீரங்கத்து மகள் | ஜனவரி 11, இரவு 10.40

வணக்கம். அம்மாவுக்கு வயது 72. 19 வருடமாகச் சுகர், 17 வருடமாகப் பிரஷர். சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இத்தனை பிள்ளைகளுக்கு இத்தனை கிலோ அரிசி, இவ்வளவு பருப்பு என்று தாளே இல்லாமல் சொல்லுவார். அப்பா போன பிறகு, போன ஆடியிலிருந்து என் வீட்டில் இருக்கிறார்.

மார்கழியில் வாசலை யாருக்கும் விட்டுத்தர மாட்டார். இந்த வருடம் முதல் நாள் 15 புள்ளி, இடைப்புள்ளி 8 வரை. சின்ன வயதிலிருந்து போடுகிற கோலம். புள்ளி வரிசை கொஞ்சமும் பிசகவில்லை. இழுக்க ஆரம்பித்ததும் இரண்டாவது வளைவில் கை நின்றுவிட்டது. விரலிடுக்கிலிருந்து மாவு மட்டும் கொட்டிக்கொண்டே இருந்தது, ஒரே புள்ளியின் மேல் சின்னக் குவியலாக. நிமிர்ந்து பார்த்து, "இங்கேருந்து எங்கடி போகணும்?" என்றார். எனக்கும் தெரியவில்லை. கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்துவிட்டேன். அன்று முழுக்க வாசலில் வெறும் புள்ளிகள்தான் கிடந்தன.

அதற்கப்புறம்தான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. ரசத்துக்கு இரண்டு முறை உப்பு. பால்காரருக்குக் காசு கொடுத்தாச்சா என்று ஒரே காலையில் நான்கு தடவை. பேத்தியை என் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்.

இன்னொன்றுதான் எனக்குப் புரியவே இல்லை. நாள் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. காலையில் தெளிவாக இருப்பவர், பதினொன்று, பதினொன்றரை வாக்கில் வேறு ஆளாகிவிடுகிறார் என்று துணைக்கு இருக்கும் அக்கா சொல்கிறார். ஒரே சிடுசிடுப்பு. "எங்க வீட்டுக்குப் போகணும்" என்று புடவையை எடுத்து மடிக்கத் தொடங்குவார். நெற்றியெல்லாம் வியர்த்திருக்கும். நான் அலுவலகத்திலிருந்து ஒன்றரை மணிக்கு வந்து சாப்பாடு போட்டால், அரை மணியில் பழைய அம்மா.

சுகர் பார்க்கும் டாக்டரிடம் சொன்னேன். "மூன்று மாதச் சராசரி 6.1 இருக்கிறது, அருமையாக வைத்திருக்கிறீர்கள். மறதி வயதுக்கு வருவதுதான்" என்றார். அண்ணனும் அதையே சொல்கிறான். பக்கத்து வீட்டிலோ, அல்சைமர்தான், சந்தேகமே இல்லை என்கிறார்கள். இரண்டுக்கும் என் மனம் ஒப்பவில்லை.

மாத்திரைகள்: கிளிமிபிரைடு 2 மி.கி., மெட்ஃபார்மின் 1000 மி.கி. சேர்ந்தது, காலையும் இரவும். பிரஷருக்கு ஆம்லோடிபின். தூக்கம் வராத நாளில் மெடிக்கலில் வாங்கும் சளி மாத்திரை ஒன்று. நாங்கள் சைவம். யாரிடம் போவது, முதலில் எதைப் பார்ப்பது?


பழைய மருந்தாளுநர் | ஜனவரி 11, இரவு 11.55

வணக்கம்மா. நான் டாக்டர் இல்லை. அரசு மருத்துவமனையில் 31 வருடம் மருந்து கொடுத்தவன். நீங்கள் எழுதியதில் என்னை உறுத்தியது அந்தப் பதினொன்றரை மணி. அம்மா தன் வீட்டில் இருந்தபோது எத்தனை மணிக்குச் சாப்பிடுவார்? காலை மாத்திரை போட்டு என்ன சாப்பிடுகிறார்?


ஸ்ரீரங்கத்து மகள் | ஜனவரி 12, காலை 6.10

ஐயா, அங்கே பத்தரைக்கே சாதம் சாப்பிட்டுவிடுவார், பழைய வழக்கம். இங்கே ஏழரைக்கு மாத்திரை, இரண்டு இட்லி, அப்புறம் நான் வந்து ஒன்றரைக்குத்தான். அப்பா போன பிறகு இரண்டு இட்லியும் ஒன்றாகிவிட்டது.


பழைய மருந்தாளுநர் | ஜனவரி 12, காலை 7.30

அப்படியானால் தயவுசெய்து இன்றே ஒரு குளுக்கோமீட்டர் வாங்குங்கள். அம்மா குழம்பும் அந்த நேரத்தில் விரலில் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிதான்.

கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்க்காது. மாத்திரை அளவு அதேதான், சாப்பாடு மட்டும் மூன்று மணி நேரம் தள்ளிப்போய்விட்டது, அளவும் பாதியாகிவிட்டது. வயதானவர்களுக்கு லோ சுகர் வந்தால் நடுக்கமும் படபடப்பும் சரியாக வெளியே தெரியாது. குழப்பமும் கோபமும்தான் முன்னால் வந்து நிற்கும். வீட்டில் அதை "புத்தி மாறிப்போச்சு" என்பார்கள். கிட்னி கொஞ்சம் சோர்ந்திருந்தால் மருந்து உடம்பில் இன்னும் நேரம் தங்கும். மூளைக்கு எரிபொருளே குளுக்கோஸ். லோ சுகர் கடுமையாக, அடிக்கடி வந்தவர்களுக்குப் பின்னால் மறதி நோயும் அதிகம் வருவதை ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள்.

6.1 என்பது சராசரி. காலையில் 55, மதியம் 220 என்று ஏறி இறங்கினாலும் சராசரி அழகாகத்தான் வரும். வேறு நோய்களும் மறதியும் உள்ள முதியவருக்கு 8க்குள் இருந்தாலே போதும் என்று இப்போதைய வழிகாட்டுதல்களே சொல்கின்றன. இதை டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.

அடுத்தது மெட்ஃபார்மின். நல்ல மருந்துதான், ஆனால் வருடக்கணக்கில் எடுத்தால் பி12 உடம்பில் சேர்வதைக் குறைக்கும். சைவம் என்றால் பாலும் தயிரும்தான் வழி. பி12 குறைந்தாலே மறதி வரும், கால் மரத்துப்போகும், நடை தடுமாறும். ரத்தத்தில் 200க்குக் கீழே என்றால் குறைபாடு. அதோடு தைராய்டு, கிரியேட்டினின், சோடியம், ஹீமோகுளோபின் பாருங்கள். எல்லாம் சாதாரண ரத்தப் பரிசோதனைதான். இவற்றைப் பார்க்காமல் யாரும் அல்சைமர் என்று முடிவு கட்டக் கூடாது.

அந்தச் சளி மாத்திரையில் குளோர்பெனிரமின் இருக்கிறதா என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள். இருந்தால் அதை விட்டுவிடுங்கள், முதியவர்களுக்கு மறுநாள் வரைக்கும் மந்தமும் குழப்பமும் தரும். சுகர் மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்த வேண்டாம்.


தேனி விவசாயி | ஜனவரி 12, காலை 9.15

எங்கள் அத்தைக்கு வல்லாரை லேகியம் காலை மாலை கொடுத்தோம், நன்றாக இருக்கிறார். நீங்களும் கொடுத்துப் பாருங்கள் சகோதரி.


பழைய மருந்தாளுநர் | ஜனவரி 12, காலை 9.50

வல்லாரைத் துவையல் தாராளமாகச் சாப்பிடட்டும். லேகியம் வெல்லமோ சர்க்கரையோ சேர்த்துக் கிளறியது, சுகர்க்காரருக்கு வேண்டாம். ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவதற்கும் அது காரணமாகிவிடக் கூடாது.


கோவை மகன் | ஜனவரி 12, மதியம் 1.05

நான்கு வருடமாக அல்சைமரோடு இருக்கும் அப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் அண்ணனிடம் ஒன்று சொல்லுங்கள். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் மறதி நோய் இருப்பது 7.4 சதவீதம் பேருக்கு என்று 2023இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. அதாவது நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல் அது இல்லை. பிறகு எப்படி அது "வயசுக்கு வருவது" ஆகும்? நாங்களும் அப்படிச் சொல்லிச் சொல்லியே இரண்டு வருடத்தை விட்டோம்.

காதையும் பாருங்கள். காது மந்தமானால் மறதி நோய்க்கான வாய்ப்பு கூடும், பிரஷர், சுகர், கொலஸ்ட்ரால் போல அதுவும் சரிசெய்யக்கூடிய காரணங்களில் ஒன்று. அப்பாவுக்கு அழுக்கு எடுத்து மெஷின் வைத்த பிறகுதான், அவர் பாதி நேரம் மறக்கவில்லை, எங்கள் பேச்சு காதிலேயே விழவில்லை என்பது புரிந்தது.

அப்புறம், "நான் யாருன்னு சொல்லு பார்க்கலாம்" என்று யாரையும் கேட்க விடாதீர்கள். வரும் சொந்தக்காரர் எல்லாம் அப்பாவை அப்படித்தான் கேட்டார்கள். பதில் வராதபோது அவர் முகம் சுருங்குவதை நான் பார்த்திருக்கிறேன். "நான் மதுரை சித்தப்பா பையன் வந்திருக்கேன்" என்று நாமே சொல்லிக்கொண்டு உட்கார்ந்தால் போதும்.


ஸ்ரீரங்கத்து மகள் | பிப்ரவரி 22, இரவு 9.30

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஐயா, நீங்கள் சொன்ன மறுநாளே மீட்டர் வாங்கினேன். அரை நாள் விடுப்பு போட்டு நானே குத்திப் பார்த்தேன். 11.35க்கு 54. அடுத்த நாள் 61. சர்க்கரைத் தண்ணீர் குடித்துக் கால் மணி நேரத்தில், மடித்த புடவைகளைப் பார்த்து "இதையெல்லாம் யாரு வெளியே எடுத்துப் போட்டது?" என்று என்னையே கேட்டார். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். 6.1 என்று வந்தபோதெல்லாம் பெருமைப்பட்டுக்கொண்டு, ஒரு வாழைப்பழம் கேட்டால்கூடத் தராமல் இருந்தவள் நான்தான்.

வேறு டாக்டரிடம் போனோம். கிளிமிபிரைடை நிறுத்தி, லோ சுகர் எளிதில் வராத வேறொரு மாத்திரை கொடுத்தார். மெட்ஃபார்மினைப் பாதியாக்கினார். பி12 148தான் இருந்தது, ஊசி போடுகிறோம். சளி மாத்திரையைத் தூக்கிப் போட்டாயிற்று. சாப்பாடு பத்தரைக்கே, அந்த அக்காதான் போடுகிறார். பதினொன்றரை மணிக் குழப்பம் அதற்குப் பிறகு ஒரு நாளும் வரவில்லை. ராத்திரி தலையணை நனைய வியர்ப்பதும் நின்றுவிட்டது. அதுவும் லோ சுகர் என்பது எனக்கு இப்போதுதான் தெரியும்.

ஆனால் முழுதும் சரியாகவில்லை. பெயர்கள் இன்னும் தடுமாறுகின்றன. நரம்பியல் டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிட்டு, மூளையின் சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் பழுதாகியிருக்கின்றன, இத்தனை வருடச் சுகரும் பிரஷரும் செய்தது என்றார். ஆன சேதம் திரும்பாது, பிரஷரை ஒழுங்காக வைத்து, தினமும் நடக்க வைத்தால் மேலே போவதை மெதுவாக்கலாம் என்றார். தைப்பொங்கலுக்குக் கோலம் போடச் சொல்லி நான் கேட்கவில்லை. அவரே புள்ளி வைத்தார், என் பெண் போனில் படத்தைப் பார்த்து இழுத்தாள். இவர் பக்கத்தில் மணைப்பலகையில் உட்கார்ந்து, "கோடு தடிக்குது பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது பயமெல்லாம் அடுப்புதான். போன வாரம் பாலை வைத்துவிட்டு மறந்து, பாத்திரம் கரிந்துவிட்டது. சமையலறைக்கு வராதே என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது?


கோவை மகன் | பிப்ரவரி 22, இரவு 10.15

வராதே என்று சொல்ல வேண்டாம். நீங்கள் கிளம்பும்போதும் ராத்திரியும் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள். "கேஸ் தீர்ந்துபோச்சு, வரணும்" என்றால் எங்கள் வீட்டில் அத்தோடு பேச்சு முடிந்துவிடும். கீரை ஆய்வது, பூண்டு உரிப்பது, அரிசி அளந்து கொடுப்பது எல்லாம் அவரிடமே விடுங்கள். முந்நூறு பேருக்கு அளந்த கை என்றால் நான்கு பேருக்கு உழக்கு அளக்க இன்னும் வரும், நாளைக் காலையே கொடுத்துப் பாருங்கள். உங்களுக்கும் ஓய்வு வேண்டும். மாதத்தில் பத்து நாள் அண்ணன் வந்து இருக்கட்டும். முதியோர் உதவி எண் 14567, இலவசம்தான். எங்கே உதவி கிடைக்கும் என்று கேட்டுக்கொள்ளலாம்.


ஸ்ரீரங்கத்து மகள் | பிப்ரவரி 23, காலை 8.20

உழக்கைக் கையில் கொடுத்தேன். தலை தட்டி, இரண்டு உழக்கு அளந்து போட்டுவிட்டு, "உன் வீட்டுக்காரர் இன்னிக்குச் சாப்பிட வரார்னா இன்னும் அரை உழக்கு போடட்டுமா?" என்று கேட்டார். அவர் இன்று வருகிறார்தான், நான்தான் மறந்திருந்தேன்.