மறு: ‘டேங்க்லெஸ் வாட்டர் ஹீட்டர்’ – தொட்டியற்றதா, உடனடியா, ஓடுநீரா?

நண்பர்களுக்கு வணக்கம்.

> ‘தொட்டியற்ற நீர்ச்சூடேற்றி’, ‘உடனடி நீர்ச்சூடேற்றி’ இரண்டில் ஒன்றை உறுதிசெய்தால், பழைய கீசரைக் கழற்றிவிட்டு இதற்கு மாறுவோருக்கான கையேட்டை முடித்துவிடுவேன்.

தொட்டியில் தேக்கிவைக்காமல், ஓடும்போதே தண்ணீரைச் சூடாக்கும் இந்தக் கருவிக்கு அந்த இரண்டு பெயரும் வேண்டாம் என்பது என் கட்சி.

‘உடனடி’யைத் தள்ளுவது சுலபம். குழாயைத் திறந்ததும் வெந்நீர் வந்துவிடாது. கருவிக்கும் குழாய்வாய்க்கும் நடுவே கிடக்கும் பச்சைத்தண்ணீர் முழுக்க வெளியேற வேண்டும். எரிவாயு வகையானால் சுடர் பற்றிக்கொள்ள இன்னும் சில நொடிகள். ‘உடனடி என்றீர்களே, ஏன் இன்னும் சுடவில்லை’ என்று கேட்பவருக்கு யார் பதில் சொல்வது? போதாக்குறைக்கு, 3 லிட்டர் பிடிக்கும் குட்டித் தொட்டி வைத்த கீசரும் ‘இன்ஸ்டன்ட்’ என்ற பெயரில்தான் விற்கிறது.

‘தொட்டியற்ற’ பிழையான சொல் அன்று. ஆனால் ஒரு பொருளிடம் இல்லாததைச் சொல்லி வைத்த பெயர், பழைய பொருள் நினைவில் இருக்கும்வரைதான் நிற்கும். ‘கம்பியில்லா’ என்று ஒரு காலத்தில் சொன்னோம்; ‘வானொலி’ வந்தபின் கம்பியைப் பற்றி யார் நினைக்கிறார்கள்?

இவற்றைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. கீசர் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது ‘எத்தனை லிட்டர்?’ தொட்டி வகைக்கு அது சரியான கேள்வி. இதற்கு அந்தக் கேள்வியே பொருந்தாது. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஓட வேண்டும், அதை எத்தனை டிகிரி உயர்த்த வேண்டும் என்பவைதான் இங்கே கணக்கு. ‘தொட்டியற்ற’ என்ற பெயர் வாங்குபவரின் மனத்தைத் தொட்டியிலேயே கட்டிப்போடுகிறது.

எண்களைப் போட்டுப் பாருங்கள். 15 லிட்டர் தொட்டியில் 2 கிலோவாட் சுருள் இருந்தால், தண்ணீரை 25 டிகிரி செல்சியஸ் உயர்த்தக் கிட்டத்தட்ட 13 நிமிடம் ஆகும். நாம் காத்திருக்கிறோம், அதனால் 2 கிலோவாட்டே போதுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீருக்கு அந்த அவகாசம் இல்லை. ஓட்டத்தை (நிமிடத்துக்கு எத்தனை லிட்டர்) வெப்பநிலை உயர்வால் பெருக்கி 14-ஆல் வகுத்தால் தேவையான கிலோவாட் தோராயமாக வந்துவிடும். நிமிடத்துக்கு 8 லிட்டர் கொட்டும் ஷவரில், 15 டிகிரியில் வரும் தண்ணீரை 40 டிகிரிக்குக் கொண்டுபோக 14 கிலோவாட் வேண்டும். 230 வோல்ட் ஒருமுனை மின்னிணைப்பில் அது 60 ஆம்பியர். பழைய கீசரின் 2 கிலோவாட்டுக்கு 9 ஆம்பியர்கூட ஆகாது. அதே கம்பியில் இதைத் தொங்கவிட முடியாது. தண்ணீர் 25 டிகிரியில் வரும் இடமென்றால் எட்டரை கிலோவாட் போதும். 3 கிலோவாட் கருவியோ, 25 டிகிரி உயர்வுக்கு நிமிடத்துக்கு 1.7 லிட்டர்தான் தரும்: கைகழுவலாம், குளிக்க முடியாது. தொட்டியை மறந்து ஓட்டத்தை நினைப்பவருக்குத்தான் இதெல்லாம் பிடிபடும்.

அதனால் என் பரிந்துரை ஓடுநீர்ச் சூடேற்றி. ஓடுநீர் வினைத்தொகை, குழாய் மூடியிருக்கும்போதும், திறந்திருக்கும்போதும், இனித் திறக்கும்போதும் பொருந்தும். ஜெர்மன்காரர்களும் ‘ஊடே ஓடும்போது சூடாக்குவது’ என்ற பொருளில்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

கையேட்டில் வரும் துணைச்சொற்களையும் இப்போதே பேசிவிடலாம்.

தொட்டியில் வெந்நீர் சும்மா கிடக்கும்போதும் வெப்பம் கசிந்துகொண்டே இருக்குமே, அதற்குக் காத்திருப்பு இழப்பு. மாறுவதன் ஆதாயமே இதை ஒழிப்பதுதான். நாளுக்குச் சுமார் 155 லிட்டருக்குள் வெந்நீர் செலவழிக்கும் வீடுகளில் ஓடுநீர் வகை 24 முதல் 34 விழுக்காடு கூடுதல் திறனுடையது என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணிப்பு. இரட்டிப்பாகச் செலவழிக்கும் வீடுகளில் அது 8 முதல் 14 விழுக்காடாகச் சுருங்கிவிடுகிறது. கையேட்டில் முதல் எண்ணை மட்டும் போட்டுவிடாதீர்கள்.

கருவி விழித்துக்கொள்ளத் தேவையான குறைந்த ஓட்டத்துக்குத் தொடக்க ஓட்டம். பல கருவிகளில் இது நிமிடத்துக்கு ஏறக்குறைய 2 லிட்டர். குழாயை மெல்லியதாகத் திறந்து வைத்துச் சவரம் செய்கிறவருக்கு வெந்நீரே வராது. அழுத்தம் குறைந்த வீடுகளிலும் இதே தொல்லை. கையேட்டில் இதற்குத் தனிப் பத்தி வேண்டும்.

குழாயைச் சற்று மூடித் திறந்தால், முதலில் குழாயில் மிச்சமிருந்த வெந்நீர், அடுத்துச் சுடர் பற்றுமுன் நழுவி வந்த குளிர்நீர், பிறகு மறுபடி வெந்நீர். ஆங்கிலத்தில் இதை ‘கோல்ட் வாட்டர் சாண்ட்விச்’ என்கிறார்கள். நமக்கு ரொட்டி வேண்டாம். இடைக்குளிர் போதுமே?

———

ஐயா, வணக்கம்.

> என் பரிந்துரை ஓடுநீர்ச் சூடேற்றி.

‘இடைக்குளிர்’ அருமை, அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ‘ஓடுநீர்’தான் உறுத்துகிறது. வாய்க்காலில் ஓடும் தண்ணீரைச் சூடாக்குவதுபோல் ஒலிக்கிறது. கூரை ஓட்டிலிருந்து வடியும் நீர் என்று நினைப்பவர்கூட இருப்பார். அதோடு, இதற்கு எதிரிணை என்ன? தொட்டி வகையைத் ‘தேக்குநீர்ச் சூடேற்றி’ என்றால் தேக்கு மரம் வந்து குறுக்கே நிற்கும்; ‘தேங்குநீர்’ என்றால் கொசு.

மக்கள் எதையும் ‘கீசர்’ என்றுதான் சொல்லப்போகிறார்கள். ‘தொட்டி கீசர்’, ‘தொட்டியில்லா கீசர்’ என்று விட்டுவிட்டால் என்ன குறைந்துவிடும்?

———

நல்ல கேள்வி, ஆனால் கீசர் உங்கள் பக்கம் சாட்சி சொல்லாது. ஐஸ்லாந்தின் வெந்நீர் ஊற்று ஒன்றின் பெயர் அது. 1868-இல் பெஞ்சமின் வாடி மாகன் என்ற ஆங்கிலேயர், எரிவாயுச் சூட்டில் ஓடும்போதே தண்ணீரைச் சுடவைக்கும் கருவிக்கு அந்தப் பெயரை வைத்தார். அதில் தொட்டி கிடையாது! (புகைபோக்கியும் கிடையாது, குளியலறையில் அதை வைத்திருந்தவர்களை நினைத்தால் நடுங்குகிறது.) ஆக, முதல் கீசரே ஓடுநீர் வகைதான். பேச்சில் கீசர் இருக்கட்டும், அதைப் பிடுங்க நமக்கு வலுவில்லை. எதற்கு எத்தனை ஆம்பியர் கம்பி என்று சொல்லும் கையேட்டில் இரண்டையும் பிரித்துக் காட்டியே ஆக வேண்டும்.

எதிரிணைக்குத் ‘தொட்டிச் சூடேற்றி’ என்றே வைத்துக்கொள்வோம். தொட்டி இருப்பதற்குத் தொட்டி என்று பெயர் வைப்பதில் தகராறில்லை. வாய்க்கால் குழப்பம் வீட்டுக் கையேட்டில் வராது. கூரை ஓட்டுக்கு ‘ஓட்டு நீர்’ என்றல்லவா வரும்?

———

இருவருக்கும் நன்றி. தலைப்பில் ‘ஓடுநீர்ச் சூடேற்றி’ என்றும், முதல் பக்கத்தில் ஒருமுறை மட்டும் ‘தொட்டியில்லா கீசர் என்று கடைகளில் சொல்லப்படுவது’ என்றும் எழுதுகிறேன். காத்திருப்பு இழப்பு, தொடக்க ஓட்டம், இடைக்குளிர் மூன்றையும் எடுத்துக்கொண்டேன். அடுத்த அத்தியாயத்தில் ‘கண்டென்சிங்’ வகை வருகிறது: புகையிலுள்ள நீராவியைக் குளிர்வித்து, அது நீராகும்போது விடும் வெப்பத்தையும் பிடித்துக்கொள்வது. ‘ஒடுக்க வகை’ என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். படித்தால் கருவியில் ஏதோ நசுங்கியதுபோல் இருக்கிறது. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.