1960-இல் நியூக்கி ஊரார் முடி வளர்த்த பையன்களை ஏன் அப்படி விரட்டினார்கள்?

ஆறுகம்பி கேட்டது:

பி.பி.சி.யின் பழைய கருப்பு வெள்ளைப் படத்துண்டு ஒன்று பார்த்தேன். 1960. 'டுநைட்' நிகழ்ச்சிக்காக நிருபர் ஆலன் விக்கர் இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரை ஊரான நியூக்கிக்குப் போய், அங்கே திரிந்துகொண்டிருந்த பீட்னிக் (வழக்கமான வேலையையும் வாழ்க்கை முறையையும் உதறியவர்கள்) இளைஞர்களைப் பேட்டி எடுக்கிறார். தோள் வரை முடி வளர்த்த ஒருவர் கிட்டாரோடு உட்கார்ந்திருக்கிறார். விஸ் ஜோன்ஸ். அப்போது அவருக்கு 21 வயது. முடி வளர்த்தவனுக்கு நியூக்கியில் கஷ்டகாலம் என்று, ஒரு பழைய மெட்டுக்குப் புது வரி போட்டுப் பாடுகிறார். பப்பிலும் கடையிலும் இவர்களுக்கு எதுவும் தரமாட்டோம் என்று ஊர் முடிவு செய்திருந்தது.

நானும் விரல்களால் கம்பியை மீட்டிக் கிட்டார் கற்றுக்கொள்பவன். அந்த வாசிப்பைக் கேட்டபோது மனசு கொதித்தது. இவ்வளவு அழகாக வாசிக்கிற ஒருவனுக்கு ஒரு கோப்பை டீ தருவதில் அந்த ஊருக்கு என்ன நஷ்டம்? வெறும் முடிதான் காரணமா?

பழைய இசைத்தட்டு:

முடி ஒரு சாக்கு என்றுதான் நினைக்கிறேன். அன்றைய பிரிட்டனில் இருபது வயதுப் பையன் என்றால் ஊர் மனசில் ஒரே உருவம்தான். ஒட்ட வெட்டிய முடி, 2 வருஷம் பட்டாளம், திரும்பி வந்ததும் நிலையான ஒரு வேலை. கட்டாய ராணுவப் பணிக்குக் கடைசி ஆட்களைக் கூப்பிட்டதே 1960 இறுதியில்தான். உணவு ரேஷன் முழுசாக முடிந்தது 1954-இல். போரில் ஆளை இழந்த வீடுகள் எங்கும் இருந்தன. அப்படிப்பட்டவர்களுக்கு, வேலைக்குப் போகாமல் மணலில் படுத்துக் கிடப்பவனைப் பார்த்தால், தாங்கள் பட்ட பாட்டையெல்லாம் அவன் உதறித் தள்ளுவதாகத் தோன்றியிருக்கும். அது எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்காகப் பட்டினி போட்டது சரியென்று ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

ஏனென்றால் இந்தப் பையன்கள் சும்மா கிடக்கவில்லை, அமெரிக்காவிலிருந்து வந்த இசையைக் கற்றுக்கொண்டிருந்தார்கள். ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு மரபு) பாடகர் பிக் பில் ப்ரூன்சி 1951 முதல் பிரிட்டனுக்கு வந்து தனியாளாக வாசித்தார். அமெரிக்க நாட்டார் பாடகர் ராம்ப்ளிங் ஜாக் எலியட் 1955-இல் வந்து சேர்ந்தார். 1956-இல் பிரிட்டிஷ் பாடகர் லானி டோனகன், அமெரிக்கப் பாடகர் லெட்பெல்லியின் பாட்டு ஒன்றைப் பாடிப் பெரிய வெற்றி பெற்றதும் நாடு முழுக்கப் பையன்கள் கிட்டார் வாங்கினார்கள். அதுதான் ஸ்கிஃபில் அலை, கிட்டாரும் வீட்டுச் சாமான்களும் வைத்துப் பாடும் எளிய இசை. ஓரிரண்டு வருஷத்தில் அலை ஓய்ந்ததும் பலர் கிட்டாரை மூலையில் வைத்துவிட்டார்கள். விடாமல் பிடித்துக்கொண்ட சிலர்தான் லண்டன் சோஹோவின் காஃபி பார்களிலும், அலெக்சிஸ் கார்னரும் சிரில் டேவிஸும் வார்டர் தெரு பப் ஒன்றில் நடத்திய ப்ளூஸ் கிளப்பிலும் போய் உட்கார்ந்தார்கள். விஸ் ஜோன்ஸ் அந்தக் கூட்டத்து ஆள்.

நீங்கள் வாசிப்பவர் என்பதால் சொல்கிறேன், ப்ரூன்சியின் வலது கையைக் கவனியுங்கள். கட்டைவிரல் பேஸ் (தடித்த, கீழ்ச்சுருதிக்) கம்பியில் நின்றுகொண்டு தாளத்தை விடாமல் அடிக்கும். மேல் கம்பிகளில் மற்ற விரல்கள் பாட்டை எடுக்கும். ஒரே ஆள், ஆனால் இரண்டு பேர் வாசிப்பதாகக் காது நம்பிவிடும். இதைச் சொல்லித்தர அன்று பள்ளியோ புத்தகமோ கிடையாது என்றே சொல்லலாம். எதிரில் உட்கார்ந்து விரலைப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் நிமிஷத்துக்கு 33 சுற்று சுழல வேண்டிய இசைத்தட்டை 16 சுற்றில் சுழல விட வேண்டும். பாட்டு பாதி வேகத்துக்கு வந்துவிடும், சுருதி ஒரு ஸ்தாயி கீழே இறங்கும், ஒவ்வொரு தட்டலும் தனித்தனியாகக் கேட்கும். நாள் முழுக்க நேரம் வேண்டும் இதற்கு. எட்டு மணி நேரம் ஆபீசில் இருப்பவனுக்கு அது எங்கே கிடைக்கும்? ஊர் சோம்பல் என்று சொன்னது இதையும் சேர்த்துத்தான்.

கடலோரத்தான்:

ஊர்க்காரர்கள் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும். நியூக்கி கோடைகாலத்தை நம்பி வாழ்ந்த ஊர். வருஷத்தில் சில மாத வியாபாரம்தான் மீதி மாதங்களுக்கும் சோறு போட வேண்டும். குடும்பத்தோடு வருகிறவர்கள் அழுக்குக் கம்பளிச் சட்டைக் கூட்டத்தைப் பார்த்து அடுத்த வருஷம் வேறு ஊருக்குப் போய்விடுவார்களோ என்ற பயம் உண்மையானது.

ஆனால் அந்தப் பயத்தை ஊதிப் பெரிதாக்கியது பத்திரிகைகள். அதே 1960 ஜூலையில் 'தி பீப்பிள்' ஞாயிறு இதழ் பீட்னிக் பயங்கரம் என்று தலைப்பு போட்டு, லிவர்பூலின் கேம்பியர் டெரஸில் இருந்த ஒரு மாணவர் வீட்டின் படத்தை வெளியிட்டது. பீட்டில்ஸ் குழுவின் ஜான் லென்னன் தங்கியிருந்த வீடு அது. குப்பையாகக் கிடந்த ஓர் அறையைக் காட்டி ஒரு தலைமுறையையே ஆபத்து என்றார்கள். நேரில் ஒரு பீட்னிக்கைக்கூடப் பார்க்காத பெற்றோர்தான் இதைப் படித்து நடுங்கினார்கள். இதை என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

ஆறுகம்பி:

இரண்டு பேருக்கும் நன்றி. கடலோரத்தான் சொல்லும் வியாபாரக் கவலை எனக்குத் தோன்றவே இல்லை. சரி, அந்த ஒதுக்கல் எப்போது தீர்ந்தது? அப்புறம், ப்ரூன்சிக்குப் பிறகு யாரைக் கேட்கலாம்?

பழைய இசைத்தட்டு:

சீக்கிரம் தீரவில்லை. 1964-இல் அதே 'டுநைட்' நிகழ்ச்சியில் 17 வயது டேவிட் ஜோன்ஸ் வந்து, முடி வளர்த்த ஆண்களைக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்கச் சங்கம் வைத்திருக்கிறோம் என்று பேசினார். பின்னாளில் புகழ்பெற்ற பாடகர் டேவிட் போவி ஆனவர் அவர்தான். அப்போதும் தெருவில் கேலி ஓயவில்லை.

கேட்பதற்கு டேவி கிரகாம் என்ற பிரிட்டிஷ் கிட்டார்க்காரர். தாய் கயானாக்காரர், தந்தை ஸ்காட்லாந்துக்காரர். பாரிஸ் தெருக்களில் வாசித்துச் சாப்பிட்டவர். 1962-இல் வெளியான அவருடைய 'ஆஞ்ஜி' என்ற சின்ன உருப்படியை எடுங்கள். ஏ மைனரில் தொடங்கி பேஸ் ஏ, ஜி, எஃப், ஈ என்று படி இறங்கும், மேலே விரல்கள் அதற்கு எதிராகத் துள்ளும். பெர்ட் ஜான்ஷ் 1965-இலும் பால் சைமன் 1966-இலும் அதையே வாசித்து வெளியிட்டார்கள். அங்கிருந்து விஸ் ஜோன்ஸுக்கு வாருங்கள். அவர் எழுதிய பாட்டு ஒன்றைப் பாடித்தான் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 2012-இல் பெர்லின் கச்சேரியைத் தொடங்கினார்.

முதலில் கட்டைவிரலை மட்டும் ஒரு வாரம் பழகுங்கள். மற்ற விரல்களை அதற்கப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்.