கேப்டன் க்ரோமி: தூதரகத்தைக் காத்தவரா, சதியில் மாட்டியவரா?

கடற்குதிரை எழுதியது:
முதல் உலகப்போர் நீர்மூழ்கி என்றாலே எல்லோரும் மாக்ஸ் ஹோர்ட்டனைத்தான் சொல்கிறார்கள். எனக்கு அவரைவிட பிரிட்டிஷ் கடற்படையின் பிரான்சிஸ் க்ரோமியைப் பிடிக்கும். 1882இல் அயர்லாந்தில் பிறந்தவர், 1903இலேயே நீர்மூழ்கிப் பிரிவுக்கு வந்துவிட்டார். 1915 செப்டம்பரில் இ-19 நீர்மூழ்கியோடு, டென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் நடுவிலுள்ள ஒரேசுண்ட் நீரிணை வழியாகப் பால்டிக் கடலுக்குள் புகுந்தார். முழுசாக மூழ்கக்கூட ஆழம் போதாத வழி அது. முந்தின மாதம்தான் இன்னொரு பிரிட்டிஷ் நீர்மூழ்கியான இ-13 அங்கே தரைதட்டி நின்றது. டேனிஷ் எல்லை என்றுகூடப் பார்க்காமல் ஜெர்மன் படகுகள் வந்து சுட்டதில் 15 பேர் செத்தார்கள். அது தெரிந்தும் போனார் மனுஷர். அக்டோபர் 11 அன்று ஒரே நாளில் நான்கு ஜெர்மன் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்தார், ஐந்தாவது கரையில் போய் ஏறியது. சுவீடனின் இரும்புத்தாது ஜெர்மனிக்குப் போகும் வழி அது. முதலில் மாலுமிகளைப் படகில் இறங்கச் சொல்லிவிட்டுத்தான் கப்பலைக் கவனித்தார், ஓர் உயிர்கூடப் போகவில்லை. நவம்பரில் உண்டினே என்ற ஜெர்மன் போர்க்கப்பலும் அவர் கையால் போயிற்று. கடைசியில் 1918 ஆகஸ்ட் 31 அன்று பெத்ரோகிராத் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) பிரிட்டிஷ் தூதரகத்துக்குள் ஆயுதங்களோடு நுழைந்த செக்கா ஆட்களை, அதாவது லெனின் அரசின் ரகசியப் போலீஸாரை, தனி ஆளாக எதிர்த்துப் படிக்கட்டில் செத்தார். இவரை வீரர் என்று சொல்ல யாருக்காவது தயக்கம் இருக்கிறதா?

செங்கல் எழுதியது:
எனக்கு இருக்கிறது. 1915 வரை நீங்கள் சொன்னதெல்லாம் சரி. ஆனால் மாலுமிகளை இறக்கிவிட்டதை ஏதோ க்ரோமியின் தனிக்குணம் போலச் சொல்கிறீர்களே? அந்தக் காலத்துப் போர்விதியே அதுதான். சென்னையில் குண்டு போட்ட எம்டன் கப்பலின் கேப்டனும் பிடித்த சரக்குக் கப்பல்களில் அதைத்தான் செய்தார். அதை விடுங்கள். 1915இலிருந்து ஒரே தாவாக 1918 ஆகஸ்ட் 31க்குப் போய்விட்டீர்கள். நடுவில் நடந்ததல்லவா கதை?

கடற்குதிரை எழுதியது:
நடுவில் நடந்ததும் அவருக்குப் பெருமைதான். 1917இல் புரட்சி வந்து ரஷ்யக் கடற்படையில் மாலுமிகள் சொந்த அதிகாரிகளையே சுட்டுக்கொண்டிருந்தபோது, பிரிட்டிஷ் நீர்மூழ்கி அணியைச் சிதறாமல் வைத்திருந்தவர் இவர். அவர் பேசிய ரஷ்ய மொழி அங்கே பீரங்கியைவிட அதிகம் உதவியது. 1918 ஏப்ரலில் ஜெர்மன் படை பின்லாந்தில் இறங்கியபோது, மிச்சமிருந்த ஏழு நீர்மூழ்கிகளையும் ஹெல்சிங்கி அருகே பனியை உடைத்துக் கடலுக்குக் கொண்டுபோய், எதிரி கையில் சிக்காமல் மூழ்கடித்தார்கள். அவற்றில் மூன்று சி வகை. 1916இல் ஆர்க்காங்கெல்ஸ்கில் இறக்கி, பேட்டரிகளைக் கழற்றி, சரக்குப் படகுகளில் ஏற்றி, ஆறும் கால்வாயுமாக இழுத்துக்கொண்டு வந்தவை. அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்ததை நம் கையாலேயே அழிப்பது எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

செங்கல் எழுதியது:
யோசித்தேன், பாவம்தான். ஆனால் அதோடு வேலை முடிந்ததல்லவா? நீர்மூழ்கி இல்லாத நீர்மூழ்கி அதிகாரி ஏன் ஊருக்குத் திரும்பவில்லை? தூதர் புக்கானன் ஜனவரியிலேயே கிளம்பிவிட்டார். இவரோ கடற்படைப் பிரதிநிதி என்ற பெயரில் பெத்ரோகிராதில் இருந்துகொண்டு, ரஷ்யாவின் பால்டிக் கப்பல்களை வெடிவைத்துத் தகர்க்க ஆள் சேர்த்தார். இன்னொரு நாட்டின் கப்பல்கள் ஐயா! ஆகஸ்டில் மாஸ்கோவிலிருந்த பிரிட்டிஷ் பிரதிநிதி லாக்ஹார்ட்டைப் பார்க்க, லெனின் பக்கம் இருந்த லாட்வியப் படையினர் வந்தது க்ரோமியின் அறிமுகக் கடிதத்தோடுதான். லெனின் ஆட்சியைக் கவிழ்க்கும் பேச்சு அங்கிருந்துதான் வேகம் பிடித்தது. வந்தவர்கள் செக்கா அனுப்பிய ஆட்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. கடிதத்திலிருந்த எழுத்துப்பிழைகளைப் பார்த்தே இது க்ரோமி எழுதியதுதான் என்று நம்பினாராம் லாக்ஹார்ட்.

வெட்டிப்பேச்சு எழுதியது:
எழுத்துப்பிழை அடையாள அட்டையாகவும் வேலை செய்யுமா! எங்கள் தமிழாசிரியரிடம் அப்போதே சொல்லியிருக்கலாம்.

கடற்குதிரை எழுதியது:
செங்கல், அந்தக் கப்பல்கள் ஜெர்மனி கைக்குப் போனால் என்னாகும் என்ற பயம் நியாயமானது. பிரிட்டனுக்கு ஜெர்மனியோடு போர் முடியவில்லை. போரை விட்டு விலகியது ரஷ்யாதான். ஒற்றர்களிடம் ஏமாந்தார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கடலுக்கடியில் பெரிஸ்கோப் வழியாக ஆளை எடைபோட்டவருக்கு அறைக்குள் எதிரே உட்கார்ந்தவரை எடைபோடத் தெரியவில்லை. அது ஏமாளித்தனம், குற்றமல்ல. தூதரகத்துக்குள் துப்பாக்கியோடு நுழைந்ததுதான் குற்றம்.

செங்கல் எழுதியது:
அன்றைய தேதியைப் பாருங்கள். ஆகஸ்ட் 30 காலையில் பெத்ரோகிராத் செக்கா தலைவர் உரித்ஸ்கி சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று மாலை மாஸ்கோவில் லெனின் மேல் குண்டு பாய்ந்தது. அதே மாதத் தொடக்கத்தில் ஆர்க்காங்கெல்ஸ்கில் பிரிட்டிஷ் படை இறங்கியிருந்தது. இவ்வளவும் நடந்த பிறகு, சதி பேசிய கட்டடத்தைச் சோதனை போடாமல் எந்த அரசு இருக்கும்? சண்டையில் செக்கா தரப்பிலும் உயிர்ச்சேதம் உண்டு. அவர்களுக்கும் வீட்டில் ஆள் இருந்திருப்பார்கள்.

கடற்குதிரை எழுதியது:
அந்த இரண்டு கொலை முயற்சிகளிலும் க்ரோமிக்குப் பங்கு இருந்ததாக ஆதாரம் காட்டுங்கள் பார்ப்போம்.

செங்கல் எழுதியது:
இல்லை, அதை நான் சொல்லவே இல்லை. உரித்ஸ்கியைச் சுட்ட கன்னேகிசெர் ஒரு மாணவர், கவிதை எழுதுகிறவர், தன் நண்பனுக்காகப் பழிவாங்கினார். க்ரோமி அதில் வரமாட்டார். என் சண்டை ‘தனி ஆளாகத் தூதரகத்தைக் காத்தார்’ என்ற வரியோடுதான். அவர் காத்தது கட்டடத்தை மட்டுமா, உள்ளே இருந்த, அவர் சேர்த்த ஆட்களின் பெயர்ப்பட்டியல்களையும் சேர்த்தா?

கடற்குதிரை எழுதியது:
பட்டியல்களையும் சேர்த்து என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் பெயர் இருந்த ரஷ்யர்கள் சுடப்பட்டிருப்பார்கள். அதற்காக நின்றார் என்றால் எனக்கு அவர் மேல் மரியாதை கூடத்தான் செய்கிறது.

செங்கல் எழுதியது:
அந்த ரஷ்யர்களை அதற்குள் இழுத்துவிட்டது யார்?